இருபத்தைந்தில் ஒரு பங்கு

ஆசையைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்தது இரண்டே வழி. கையில் காசு இருந்தால் வாங்கிக்கொள், இல்லையென்றால் மறந்துவிடு. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது மிச்சிகன் மாநிலத்து டிராய் ஊரில், மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அமெரிக்கரிடம். என் வயதுதான் அவருக்கும். அவருடைய கராஜ் மேசைமேல் 1969 டாட்ஜ் சார்ஜர் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. நீளம் இருபத்தொரு சென்டிமீட்டர்.

அசல் சார்ஜர் ஐந்தேகால் மீட்டருக்கும் சற்று அதிகம். ‘மஸில் கார்’ என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் வகை. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய எஞ்சினை அடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களின் வேலை அது. 1964-ல் பாண்டியாக் அந்தக் கூத்தை ஆரம்பித்தது. நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக் எஞ்சினியர்கள் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்து, ‘இது புது மாடல் இல்லை, வாடிக்கையாளர் கேட்டால் தரும் கூடுதல் வசதி’ என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். விதியை வளைக்கும் கலை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஐயாயிரம் போனால் போதும் என்று நினைத்த அந்த வண்டி, ஜி.டி.ஓ. என்று பெயர், அந்த ஆண்டு 32,450 விற்றது. பிறகு எல்லாரும் அதே வழியில் இறங்கினார்கள். சார்ஜரில் கிடைத்த ‘ஹெமி’ எஞ்சினுக்கு 425 குதிரைசக்தி. அதே காலத்தில் நம் அம்பாசடர் ஏறக்குறைய ஐம்பதை வைத்துக்கொண்டு குடும்பத்தையே ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது.

1969-ல் பக்கத்து வீட்டுக்காரர் இளைஞர். ஹாம்ட்ராமக்கில் இருந்த டாட்ஜ் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வேலை. வண்டி விலையை எப்படியாவது புரட்டலாம். இந்த வகைக் காருக்கு, அதுவும் வாலிபப் பையனுக்கு, இன்சூரன்ஸ் கட்டி மாளாது. தன் கையால் கதவு மாட்டிய வண்டிகள் தெருவில் உறுமிப் போவதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றவர் அவர். இன்சூரன்ஸும் புகைச் சட்டங்களும் 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த வம்சத்தையே முடித்தன. அவர் கையில் பணம் சேர்ந்தபோது சார்ஜர் சேகரிப்பாளர்களின் ஏலப் பொருளாகியிருந்தது.

மறக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. 25-ல் ஒரு பங்கு அளவில் கட்ட ஆரம்பித்தார். பொருத்தமான ஊர்தான். கார் டீலர்களுக்குக் குட்டிக் கார் செய்து கொடுத்து வளர்ந்து, 1958-லிருந்து கட்டிப் பார்க்கும் கிட்டாகவும் விற்ற ஏ.எம்.டி. கம்பெனி ஒரு காலத்தில் டிராயில்தான் இருந்தது.

நான் முதலில் போய் உட்கார்ந்தது காருக்காக இல்லை, மோல்டுக்காக. அம்பத்தூர் டூல் ரூமில் மோல்டு செய்து வயிறு வளர்த்தவன் நான். கிட்டில் பிளாஸ்டிக் பாடி முழுவதும் ஒரே பீஸாக வந்திருந்தது. பக்கங்கள் விலகித் திறக்கும் ஸ்லைடு மோல்டு இல்லாமல் அப்படி எடுக்க முடியாது. பார்ட்டிங் லைன் எங்கே, எஜெக்டர் பின் தள்ளிய வட்டத் தடம் எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. அவற்றை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது என் பங்கு வேலையானது.

இந்த வேலையின் நுணுக்கம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிளாஸ்டிக்குக்குத் தடவும் சிமென்ட் என்ற பசை ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் குரோம் பூசிய பாகம் என்றால் சேரும் இடத்தில் பூச்சைச் சுரண்டியாக வேண்டும். கண்ணாடிக்கு அதே சிமென்ட் பட்டால் புகை படிந்ததுபோல் மங்கிவிடும், அதற்கு வெள்ளைப் பசைதான். பெயின்ட் விஷயத்தில் கணக்கு இன்னும் கறார். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு அடித்தால் அசல் காரில் இரண்டரை மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். கதவு இடுக்கெல்லாம் மூடிப்போகும். மெல்லிசாக அடி, காயவிடு, மறுபடி அடி. ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்கு மயிரிழைக் கம்பிகள் எட்டு. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து அவற்றை 1-8-4-3-6-5-7-2 என்ற அசல் எஞ்சினின் வரிசைப்படியே கொண்டுபோனார், ட்வீசரின் நுனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சின்ன ஆசை என்றால் சுலபமான ஆசை என்று நினைத்திருந்தேன். அசல் வண்டி கிடைத்திருந்தால் சாவியைத் திருப்பி ஓட்டியிருப்பார், அவ்வளவுதான். இதிலோ எந்த ஒயர் எந்த சிலிண்டருக்கு என்பதுவரை தெரிந்தாக வேண்டியிருக்கிறது. சுருங்கியது பெட்ரோல் செலவும் இன்சூரன்ஸும் ஊருக்குக் காட்டும் பெருமையும். ஒயர்கள் அதே எட்டு.

இதிலும் பொறி உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் பலர் பெட்டிமேல் பெட்டியாக வாங்கி அலமாரியை நிரப்புகிறார்கள். ஏழு ஜென்மம் எடுத்தாலும் கட்டி முடிக்க மாட்டார்கள். அது சுருங்கிய ஆசை இல்லை, பழைய ஆசை வேறு கதவு வழியாக உள்ளே வந்தது. இவர் மேசையில் இருப்பதை முடிக்காமல் அடுத்த பெட்டியைத் தொடுவதில்லை. என் மனைவிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, இரண்டும் பொம்மைதான்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு லேத், ஒரு ஷெட், வாசலில் என் பெயர். பிள்ளைகள் படிப்பு, தங்கை கல்யாணம் என்று அது போய்விட்டது. மறந்தும்விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் மேசைமேல் உட்காரும் குட்டி லேத் ஒன்று வாங்கினேன். சார்ஜரின் சைலன்சர் குழாய் முனைகள் கிட்டில் ஓட்டையில்லாமல் வந்திருந்தன. அலுமினியக் கம்பியில் இரண்டு கடைந்து, துளை போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இப்போது ஏர் கிளீனர் மூடிக்கு விங் நட் வேண்டுமாம். 25-ல் ஒரு பங்கில் விங் நட் கடைய முடியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். மனிதர் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.