ஓகோபாவுக்கு ஒரு விசிட்டிங் கார்டு

"ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. சிலிண்டர் மாத்தணும்."

"பத்தே நிமிஷம்மா. ஓகோபாவைத் தாண்டிடறேன்."

"யாரு அந்த ஓகோபா?"

கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்ட கேள்வி இது. குரலில் கொஞ்சம் உஷ்ணம் இருந்தது. ஓகோபா ஒரு ரயில்வே ஸ்டேஷன், சார். ஜப்பானில், கியூஷு தீவில், மலைக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன். லுங்கியோடு!

2001-ல் மைக்ரோசாஃப்ட் 'டிரெய்ன் சிமுலேட்டர்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. நேரத்துக்குக் கிளம்பி, சிக்னல் பார்த்து, பிளாட்பாரத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து மூட வேண்டும். சம்பளம் இல்லாத ரயில்வே உத்தியோகம்! அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான் என்று மொத்தம் ஆறு பாதைகள். நான் ஒன்பதாவது படிக்கும்போது சித்தப்பா அந்த சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற ஐந்தையும் விட்டுவிட்டு ஹிசாட்சு லைனில் போய் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஹிதோயோஷியிலிருந்து யோஷிமாட்சு வரை 35 கிலோமீட்டர்தான். ஒற்றைத் தண்டவாளம், ஒற்றை டீசல் பெட்டி. 1909-ல் போட்ட பாதை. கடலோரமாகப் போட்டால் எதிரிக் கப்பல் சுட்டுவிடும் என்று ராணுவம் பயந்ததால் மலைக்குள் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். 1927-ல் கடலோரப் பாதையும் வந்துவிட்டது. அன்றிலிருந்து இது கிளைப்பாதை.

ஏற்றம் என்றால் சாதாரண ஏற்றமில்லை. 33 அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். ஓகோபாவில் வண்டி நேராக வந்து நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் கிளம்பி, மலையை ஒரு வட்டம் சுற்றி மேலே ஏறுகிறது. சற்று நேரம் கழித்துக் கீழே பார்த்தால் நாம் புறப்பட்ட அதே ஸ்டேஷன் தீப்பெட்டி மாதிரி தெரியும். வட்டப்பாதைக்குள்ளேயே இப்படி முன்பின் போகிற ஸ்டேஷன் ஜப்பானிலேயே இது ஒன்றுதான். இன்னொரு விசேஷம், ஆபீஸ் நண்பர்கள் கவனிக்கவும்: அங்கே வெயிட்டிங் ரூம் சுவரில் விசிட்டிங் கார்டை ஒட்டினால் புரமோஷன் கிடைக்குமாம். சுவர் முழுக்க கார்டுகள்!

யாதாகே ஸ்டேஷனைத் தாண்டி 2,096 மீட்டர் சுரங்கம். வெளியே வந்தால் கீழே பள்ளத்தாக்கு, எதிரே கிரிஷிமா மலைகள். பிறகு மசாகி. அந்தப் பெயரின் எழுத்துகளுக்கே 'உண்மையான சந்தோஷம்' என்று அர்த்தம். பிளாட்பாரத்தில் ஒரு மணி தொங்குகிறது. கொஞ்சம் சந்தோஷமென்றால் ஒருமுறை அடிக்கலாம். இன்னும் வேண்டுமென்றால் இருமுறை. நிரம்பியிருந்தால் மூன்று முறை. சந்தோஷமான இடமா என்றால், அதைத் தாண்டியதும் வருகிற சுரங்கம் ஒன்றில் 1945 ஆகஸ்டில், போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களின் ரயில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. புகை தாங்காமல் இறங்கி இருட்டில் நடந்தவர்கள் மேல் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. ஐம்பது பேர் வாக்கில் இறந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் பிரேக்கிலிருந்து கையை எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் ரயில்தான். இருந்தாலும்...

சரி, செலவுக் கணக்கு. பி.காம். படித்தவன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இப்போதைய ரயில் விளையாட்டுகளில் விளையாட்டு சல்லிசு. பாதை தனி விலை, எஞ்சின் தனி விலை. இலவச இட்லிக்குக் காசு கொடுத்து சட்னி வாங்குகிற கதை! 'டிரெய்ன் சிமுலேட்டர் கிளாஸிக்'குக்கு வந்திருக்கிற அத்தனை உபரிகளையும் வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். கம்பெனியை நான் திட்ட மாட்டேன். எல்லாவற்றையும் வாங்கு என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஒரு பாதையில் மரம், பாலம், சிக்னல் எல்லாவற்றையும் அளந்து செய்ய மாதக்கணக்கில் ஆள் வேலை செய்ய வேண்டும். வாங்குகிறவர்களோ சின்னக் கூட்டம். அடக்கவிலையை அந்தச் சின்னக் கூட்டத்தின் தலையில்தான் கட்ட முடியும். காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடம்!

நானும் வாங்கினேன். சம்பளம் வந்த அன்று ஒரு ஜெர்மன் பாதை. தீபாவளி போனஸில் ஒரு ஸ்காட்லாந்து. மேஜையில் வைத்து ஓட்ட நெம்புகோல்களோடு ஒரு கருவி, அதற்கு டாலரில் விலை, கஸ்டம்ஸ் வேறு. 2019 டிசம்பரில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எழுபத்தோராயிரத்துச் சொச்சம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்தக் காசுக்கு அந்த ஓகோபாவுக்கே போய்ட்டு வந்திருக்கலாமே?"

விசாரித்தேன். பாங்காக்கில் மாறி ஃபுகுவோகா போய்வர டிக்கெட் எடுத்து, மிச்சத்தில் ரயிலும் ஏறியிருக்கலாம். பத்து வருஷமாக! அடுத்த இலையுதிர் காலத்தில் கண்டிப்பாகப் போவது என்று முடிவு செய்து, ஒட்டுவதற்கு விசிட்டிங் கார்டுகூட அடித்தேன். 'எழுத்தாளர்' என்று போட்டு.

2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. ஜூலை 4-ந் தேதி குமா ஆறு கரை புரண்டது. ஹிதோயோஷி ஊருக்குள் வெள்ளம். ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலங்கள் இரண்டு அடித்துப்போயின. மலைப்பகுதியிலும் மண் சரிந்தது. அதிலிருந்து அந்த 35 கிலோமீட்டரில் ரயில் ஓடவில்லை. ஆற்றோரப் பகுதியைத் திரும்பக் கட்ட 2024-ல் அடிப்படை உடன்பாடு வந்தது. ஓகோபா இருக்கிற மலைப்பகுதி அதில் இல்லை. ஏற ஆளில்லாத பாதைக்கு யார் செலவழிப்பது? மறுபடியும் காஸ்ட் அக்கவுண்டிங்.

என் வீட்டில் மட்டும் வண்டி ஓடுகிறது. 'ஓப்பன் ரெயில்ஸ்' என்று ஆர்வலர்கள் இலவசமாகத் தருகிற மென்பொருளில், சித்தப்பா கொடுத்த அதே சி.டி.யின் பாதை. செலவு பூஜ்யம்.

போன ஞாயிறு மனைவி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மசாகியில் நிறுத்தினேன்.

"மணி எங்க இருக்கு?"

"டிரைவர் இறங்கி அடிக்க முடியாது."

"அடிச்சா எத்தனை தடவை அடிப்பீங்க?"

யோசித்துக்கொண்டே இருந்தேன். கிளம்ப இரண்டு நிமிஷம் லேட்.