பேருந்து ஏறக் கற்றுக்கொடுத்த ஊர்

கனடாவின் கிங்ஸ்டன் நகரத்தில் 2012இல் ஒரு சிறிய காரியம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு நகரப் பேருந்தில் இலவசப் பயண அட்டை. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற உயர்நிலை வகுப்புகளுக்கும் கிடைத்தது. இலவச பஸ் பாஸ் நமக்கொன்றும் புதிதல்ல. நாங்களே அந்தப் பாஸில் படித்து வந்தவர்கள்தான். எங்களை யோசிக்க வைத்தது வேறு. அட்டையைக் கையில் கொடுத்ததோடு நிற்காமல், ஒரு பேருந்தையே பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எப்படி ஏறுவது, அட்டையை எங்கே காட்டுவது, நேர அட்டவணையைப் படிப்பது எப்படி, முன்பக்கத் தாங்கியில் சைக்கிளை எப்படி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஆண்டில் சுமார் 28,000 ஆக இருந்த மாணவர் பயணங்கள் ஐந்தாண்டுக்குள் ஆறு லட்சத்தை நெருங்கின.

டொராண்டோவுக்கும் மாண்ட்ரியலுக்கும் நடுவே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் ஊர் இது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,32,000 சொச்சம். இந்த அளவுள்ள வட அமெரிக்க நகரங்களில் கார்தான் மனிதனுக்கு மரியாதை. பேருந்தில் போகிறவர் மாணவர், முதியவர், மாற்றுத்திறனாளி, புதிதாகக் குடியேறியவர், அல்லது ஏழை என்பது பொதுப்புத்தி. சமூகப் பணியாளர்களாக நாங்கள் பழகுவது பெரும்பாலும் இவர்களோடுதான்.

அப்படித்தான் அந்த அக்காவும் வந்தார். மகள் வீட்டுக்கு வந்து ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தவர். மகள் வேலைக்குப் போனால் காரும் போய்விடும். ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டு, முதல் நாள் பேருந்தில் நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். வண்டி நின்றதும் புஸ்ஸென்று காற்றை விட்டு நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. “பஞ்சர் ஆயிருச்சு, வாங்க அடுத்ததுல போவோம்” என்று அக்கா பின்வாங்கினார். பஞ்சர் இல்லை. தள்ளுநாற்காலி, குழந்தை வண்டி, முழங்கால் வலி என்று யார் வந்தாலும் அவர்களுக்காக வண்டி தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதை ஆங்கிலத்தில் மண்டியிடுவது என்றே சொல்கிறார்கள்.

ஏறிய பிறகும் அக்கா கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வண்டி காலி. “எந்த சீட்டு நமக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. அவர் ஊர் மினி பஸ்ஸில் காலி இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் எழுந்துவிடுவாராம். எங்களுக்கும் அது தெரியும். காலனி நிறுத்தத்தில் இறங்கினால் போதும், சாதியை யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததற்கு 1997இல் தென் மாவட்டங்களில் என்ன நடந்தது, கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரும் எப்படிப் போயிற்று என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இங்கே எல்லாம் சமத்துவம் என்று எழுத எங்களுக்கு ஆசையில்லை. வடக்கே ரிடோ ஹைட்ஸ் பக்கம் இறங்குகிறவர்களைச் சிலர் பார்க்கும் பார்வையில் வர்க்கம் இருக்கிறது. சில நேரம் நிறமும் இருக்கிறது. ஆனால் பேருந்துக்குள் அக்காவுக்கென்று விலக்கப்பட்ட இருக்கை கிடையாது. அதை வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். நாலைந்து முறை உட்கார்ந்து பார்த்தால்தான் உடம்புக்குப் புரியும். குறைந்த வருமானக்காரர்களுக்கு மாதப் பாஸில் சலுகை உண்டுதான். அது பர்சுக்குத் தைரியம் கொடுக்கும், காலுக்குக் கொடுக்காது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாசலில் பேருந்தை நிறுத்திச் சொல்லிக்கொடுத்த பாடம், ஐம்பத்தைந்து வயதில் வந்திறங்கும் பெண்ணுக்கு அதைவிட அதிகம் தேவை.

ஆறு வாரத்தில் அக்கா தனியாகப் போக ஆரம்பித்தார். 501, 502 என்று இரண்டு விரைவுப் பேருந்துகள் ஒரே வட்டத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. “தப்பா ஏறினாலும் சுத்திக்கிட்டு வந்து சேந்துரும், என்ன கொஞ்சம் நேரமாகும்” என்பது அவர் கண்டுபிடிப்பு. போக்குவரத்து நிபுணர்கள் இவ்வளவு எளிமையாக விளக்கி நாங்கள் கேட்டதில்லை.

இப்போது பிரச்சினை வேறு. அக்காவுக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை ஒன்று வந்தது. ஷிப்ட் முடிய இரவு ஒரு மணி. இந்த அளவு நகரங்களில் அந்த நேரத்துக்குப் பேருந்து எதிர்பார்க்க முடியாது. புதுப் பேருந்து வாங்க ஒட்டாவாவிலிருந்து பணம் வரும். அதை நள்ளிரவில் ஓட்டுவதற்கான சம்பளமும் டீசலும் பெரும்பாலும் பயணக் கட்டணத்திலிருந்தும் ஊர்க்காரர்கள் கட்டும் சொத்து வரியிலிருந்தும்தான் வர வேண்டும். சொத்து உள்ளவர்களில் எத்தனை பேர் இரவு ஒரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள்?

மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காரை எடுக்கச் சொல்ல முடியாது என்று அக்கா அந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர்களிடம் முதலில் கேட்பது, சொந்தமாகக் கார் இருக்கிறதா என்று.