அப்பாவுக்கு ஏற்ற படகு

முப்பது ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர் அப்பா. ஒரு கப்பலிலும் பயணியாக ஏறியதில்லை. அவருடைய 70-வது பிறந்தநாளை லங்காவியில், மாலுமிகளோடு வாடகைக்குக் கிடைக்கும் சொகுசு மோட்டார் படகில் கொண்டாட நினைத்தோம்.

படங்களைப் பார்த்தே நான் ஒரு படகை முடிவு செய்துவிட்டேன். மேல்தளத்தில் நீராடும் தொட்டிகூட இருந்தது. முன்பணம் கட்டும் நேரத்தில் தம்பி கேட்டான்: "அக்கா, படுக்கையறைக்குப் படி எத்தனை? அப்பாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்திருக்கே!"

எனக்குத் தெரியவில்லை.

குவா நகருக்கு நேரில் போனோம். பார்த்த படகுகளில் பெரும்பாலும் அறைகள் கீழ்த்தளத்தில்; படிகள் செங்குத்து. நங்கூரமிட்டு நிற்கும்போதும் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உண்டா என்று விசாரித்தோம். டீசல், சாப்பாடு, படகுத்துறைக் கட்டணம் வாடகையில் சேருமா என்பதை எழுத்தில் வாங்கினோம். பல ஒப்பந்தங்களில் அவை தனிச்செலவு.

கடைசியில் அமைந்தது சற்றுப் பழைய படகு. தொட்டி இல்லை. ஆனால் முதன்மைத் தளத்திலேயே ஓர் அறை, கைப்பிடியுள்ள அகலமான ஏறுபலகை.

பிறந்தநாளன்று, டாயாங் புந்திங் தீவருகே நங்கூரமிட்டு மதிய உணவு. முதல் தட்டு அப்பாவுக்கு வந்தது. அவர் தொடவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த இளைஞனிடம், "சுடா மாக்கான்?" என்றார். இல்லையென்று தலையசைத்தான்.

"அவங்களையும் கூப்பிடும்மா," என்றார் அப்பா.

எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். படகைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட எனக்கு, அந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை.