உம்மாவின் கறுப்பு அபாயாவும் ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸும்



நாங்கள் 11 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கும் கணவனும் மனைவியும். சொந்த ஊர் காயல்பட்டினம். நாடு திரும்பிய நண்பர் ஒருவர் தம்முடைய பழைய லைக்கா எம்8 கேமராவை எங்களுக்கு மலிவாகத் தந்துவிட்டுச் சென்றார். லென்ஸை மட்டும் தம்மோடு கொண்டு போய்விட்டார். லென்ஸ் இல்லாத கேமரா இரண்டு மாதம் அலமாரியில் கிடந்தது.

ஊரிலிருந்து உம்மா வந்து தங்கியபோதுதான் அதன் நினைவு வந்தது. உம்மாவின் முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கைப்பேசியை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தக் கேமராவையோ, வாப்பா காலத்துக் கேமரா போல இருக்கிறதே என்று கையில் வாங்கிப் பார்த்தார்.

எங்களிடம் இருந்தது 600 வெள்ளி. உம்மாவின் உம்ராவுக்காக மாதந்தோறும் எடுத்து வைத்த பணம் தனி உறையில் இருந்தது. லைக்காவின் சும்மிக்ரான் லென்ஸ் பழையதாக வாங்கினாலும் எங்கள் தொகையைப் போலப் பல மடங்கு. எங்களில் ஒருவருக்கு அதன் மீது தீராத ஆசை. மற்றவருக்குக் கணக்கேட்டின் மீது. தவணையில் வாங்கலாம் என்றார்கள். விதிகளைப் படித்தபோது, ஒரு தவணை தவறினாலும் வட்டி ஏறும் என்று இருந்தது; அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டோம். அந்த உறையையும் ஓர் இரவு திறந்து பார்த்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எண்ணிவிட்டு மூடினோம்.

இவ்வகைக் கேமராவில் ஒரு வசதி உண்டு. லைக்கா எம் பொருத்தி 1954இல் வந்தது. அன்று முதல் செய்யப்பட்ட லென்ஸ்களில் பெரும்பாலானவை இன்றும் பொருந்தும். அதற்கும் முந்தைய 39 மில்லிமீட்டர் திருகு லென்ஸ்களை ஒரு சிறு வளையத்தின் துணையுடன் மாட்டலாம். சிட்டி ஹால் அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகளை ஏறி இறங்கி, சோவியத் காலத்து ஜூபிட்டர்-8 என்னும் 50 மில்லிமீட்டர் லென்ஸை வளையத்தோடு 110 வெள்ளிக்கு வாங்கினோம். பெரும் சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

நோன்புப் பெருநாள் காலையில் உம்மாவை ஒரு மீட்டர் தொலைவில் அமர்த்திப் படம் எடுத்தோம். கண்கள் மங்கலாக விழுந்தன. கறுப்பு அபாயா கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. “இது யாருடைய உடுப்பு?” என்று உம்மா கேட்டார்.

இரண்டு பிழைகளும் எங்கள் அறியாமையே. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை; தனிச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்குகிறோம். அந்தக் கணக்கும் லென்ஸின் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். ஜூபிட்டரின் மூலவடிவம் ஜெர்மானியக் காண்டாக்ஸ் கேமராவுக்கு உரியது. தொலைவில் உள்ளவை அதில் அழகாகவே விழுகின்றன. துளையை முழுதாகத் திறந்து அருகில் உள்ளவரை எடுக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. அபாயாவின் நிறத்துக்குக் காரணம் அகச்சிவப்புக் கதிர். 2006இல் வந்த எம்8, அக்கதிரை அதிகமாக உள்ளே விடும். செயற்கை இழைக் கறுப்புத் துணி ஊதாவாகும். அதைத் தடுக்கும் வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்ட வேண்டும். நண்பரின் லென்ஸோடு அதுவும் போய்விட்டிருந்தது!

பருத்தி உடுத்தும் ஊரில் இது சிறு செய்தியாக இருக்கலாம். எங்கள் பெருநாள் படங்களில் பாதிப் பேர் கறுப்பு அபாயாவில்தான் நிற்கிறார்கள்.

மீதம் 490 வெள்ளி. எம்8இன் உணரி ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது, பார்வை 1.33 மடங்கு குறுகும். எனவே 50 மில்லிமீட்டர் லென்ஸ் எங்கள் சிறு கூடத்துக்கு நெருக்கடி. 35 என்றால் ஏறக்குறைய 47 போலக் கிடைக்கும். ஃபோக்ட்லாண்டர் கலர் ஸ்கோபார் 35, துளை 2.5, பழையது 400 வெள்ளிக்குக் கிடைத்தது. 39 மில்லிமீட்டர் வடிகட்டி 70 வெள்ளி. வடிகட்டியின் அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால், இரண்டு மலிவான லென்ஸ்களைவிட அன்றாடம் மாட்டி வைக்கும் ஒன்றே சிக்கனம் என்பது எங்கள் எண்ணம். இம்முறை கடையிலேயே சாய்த்து வைத்த ஓர் அச்சுத்தாளை, முழுத் துளையில், 70 சென்டிமீட்டரிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். குவித்த வரியே தெளிவாக நின்றது.

துளை 2.5 என்பதால் இரவில் வீட்டுக்குள் எடுப்பது கடினம். அதனால் உம்மா ஊர் திரும்பும் நாளில், லுஹருக்குப் பின் சன்னல் அருகே அமர்த்தினோம். தஸ்பீஹ் மணியை உருட்டியபடி அவர் எங்களையே பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை.

படத்தைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்தார். “கறுப்பு கறுப்பாத்தான் இருக்கு” என்றார்.

உறை அப்படியே உம்மாவின் கைப்பைக்குள் போயிற்று. ஜூபிட்டர் இப்போது கடற்கரைப் படங்களுக்கு மட்டும். எங்களில் ஒருவர் 28 மில்லிமீட்டர் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்; அது அடுத்த ஆண்டுக் கணக்கு, இன்ஷா அல்லாஹ்.