அப்பாவின் வயிற்றில் ஒரு பை

எங்கள் அப்பா இருபது ஆண்டுகள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஊரின் சாக்கடையும் கழிப்பறையும் அவர் கையில்தான் சுத்தமாயின. ஓய்வூதியம் கிடையாது. போன வருஷம் அவருக்கு மலத்தில் ரத்தம் போனது. தனியார் கிளினிக் ஒன்றில் மூன்று முறை காட்டினோம். மூன்று முறையும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "மூலம்தான்" என்று மாத்திரை எழுதினார்கள். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பது இதற்கு ஆரம்பப் பரிசோதனை. யாரும் தொடவில்லை. காரணம் சாதியா, அலட்சியமா? நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் முதல் நாளே தொட்டுப் பார்த்தார்கள். மலக்குடலில் கட்டி. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தது.

முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். அதற்குள் நாங்கள் காப்பீட்டு அட்டைக்கு அலைந்தோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். அப்பாவுக்கு ரத்தம் குறைவாக இருந்தது. படிப்பு வட்டத் தோழர்கள் ரத்தம் கொடுத்தார்கள். பீடியை நிறுத்தினார். நுரையீரலுக்காக மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகினார். அறுவைக்கு முந்தைய நாள் வெறும் திரவ உணவும், குடலைக் கழுவும் பேதி மருந்தும். "கைலி எங்க கட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்த இடத்தைத் தவிர்த்து வயிற்றில் பேனாவால் புள்ளி வைத்தார் செவிலியர். தையல் ஆறும்வரை சிறுகுடலை அங்கே வெளியே எடுத்து, மலம் வடிய ஒரு பை பொருத்துவார்கள்.

அறுவை முடிந்த மறுநாளே நடக்க வைத்தார்கள். அடுத்து கஞ்சி. அப்புறம் பையைச் சுத்தம் செய்யும் பயிற்சி: மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். தண்ணீராகவே போவதால் உப்பும் நீரும் உடம்பில் குறையாமல் பார்க்க வேண்டும்.

அப்பா எங்களைத் தொட விடவில்லை. "இந்த வேலை என்னோட போகட்டும்னுதானே உங்கள படிக்க வச்சேன்" என்று அழுதார். செவிலியர் கையுறைப் பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விலை கேட்டார். இருபது ஆண்டுகளில் அவருக்கு யாரும் ஒரு ஜோடிகூடக் கொடுத்ததில்லை.

தோழர்களே, நோயாளியின் மலத்தைத் துடைப்பது இழிவல்ல. அது பராமரிப்பு, செவிலியருக்குப் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, மரியாதையும் உண்டு. பிறப்பைக் காட்டி ஒரே மக்களை வெறுங்கையோடு அதில் இறக்குவதுதான் இழிவு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தும் அந்த இழிவு ஒழியவில்லை. ஆனால் அந்த வெட்கத்தைச் சுமப்பவர்கள் நம் அப்பாக்களாகவே இருக்கிறார்கள். மலத்தைப் பற்றிப் பேசக் கூசி, நோயையும் மறைத்துவிடுகிறார்கள்.

அப்பாவின் பையை இப்போது எங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் காலி செய்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மலத்தில் ரத்தம் போகிறதா என்று நேராகவே கேளுங்கள். போனால் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவர் தொடாமலேயே மருந்து எழுதினால், எழுந்துவராமல் உட்கார்ந்து, பரிசோதிக்கச் சொல்லுங்கள்.