பனைமரத்துக்கு அவசரம் இல்லை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் லிங்கன் பார்க் என்றொரு பகுதி. மரங்கள் நிறைந்த தெருக்கள், செங்கல் வீடுகள், தலைக்கு மேலே தடதடக்கும் ரயில். இங்கேதான் டிபால் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயரமான பையன்களைப் பொறுமையாக வளர்த்து எடுக்கும் கதை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலரும் கை காட்டுவது இந்த இடத்தைத்தான்.

1942-ம் வருடம். டிபாலுக்குப் புதுப் பயிற்சியாளராக ரே மேயர் வந்தார். அணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற பையன் இருந்தான். உயரம் 6 அடி 10 அங்குலம், முகத்தில் தடிமனான கண்ணாடி, நடையில் தடுமாற்றம். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் முயற்சி செய்து பார்த்து, 'இது உனக்குச் சரிவராது' என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அத்தனை உயரமானவர்களுக்குக் கூடைப்பந்து வராது என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள்.

மேயர் வேறு மாதிரி நினைத்தார். அவனைக் கயிறு தாண்டச் சொன்னார். குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார். காலும் உடம்பும் ஒன்றாக அசையப் பழகட்டும் என்று நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். பிறகு கூடைக்குக் கீழே நிறுத்தி, வலது பக்கம் வலது கையால் ஒரு பந்து, இடது பக்கம் இடது கையால் ஒரு பந்து என்று மாறி மாறி நூற்றுக்கணக்கில் போடச் சொன்னார். தினமும் இதே வேலைதான்.

மூன்றே வருடங்களில், 1945-ல், அதே மைக்கன் டிபாலுக்கு என்.ஐ.டி. கோப்பையை வாங்கித் தந்தார். 1950-ல் ஏ.பி. செய்தி நிறுவனம் நடத்திய தேர்வில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் அவர்தான். கூடைக்குக் கீழே மாறி மாறிப் பந்து போடும் அந்தப் பயிற்சிக்கு இன்றைக்கும் 'மைக்கன் டிரில்' என்றுதான் பெயர்.

வயல்களுக்கு நடுவே ஒரு குவிமாடம்

சிகாகோவிலிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரப் பயணம். நகரம் மறைந்ததும் இந்தியானா மாநிலத்தின் மக்காச்சோள வயல்கள் தொடங்கிவிடும். வயல்களுக்கு நடுவே காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வழியில் நேர மண்டலம் மாறுவதால், கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே போனால், வாபாஷ் ஆற்றங்கரையில் வெஸ்ட் லாஃபாயெட் வந்துவிடும்.

இது பர்டூ பல்கலைக்கழகத்தின் ஊர். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் இங்கே படித்தவர். அவர் பெயரில் உள்ள பொறியியல் கட்டடத்தின் வாசலில், இளம் மாணவராக உட்கார்ந்திருக்கும் அவருடைய சிலை இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் படிக்கும் இந்த வளாகத்தில் இந்திய மாணவர்களும் நிறையப் பேர்.

ஊரில் ஸ்டேட் ஸ்ட்ரீட் மேட்டில் 'டிரிபிள் எக்ஸ்' என்ற பழைய உணவகம் உண்டு. 1929-லிருந்து நடக்கிறது. முன்னாள் பர்டூ கால்பந்து வீரர் ஒருவர் பெயரில் இங்கே ஒரு பர்கர் கிடைக்கும். அதில் இறைச்சியோடு வேர்க்கடலை வெண்ணெயும் உண்டு! கேட்கும்போது முகம் சுளித்தாலும், சாப்பிட்டுப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு.

ஆனால், குளிர்காலத்தில் இந்த ஊரின் உயிர் இருப்பது மேக்கி அரங்கில்தான். 1967-ல் திறக்கப்பட்ட வட்ட வடிவ அரங்கம் இது. ஏறக்குறைய 14,800 பேர் உட்காரலாம். மேலே குவிமாடம். உள்ளே எழும் கூச்சல் வெளியே போக வழியில்லாமல் ஆடுகளத்திலேயே வந்து விழும். எதிரணி வீரர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருக்கும்.

இந்த அரங்கின் முதல் ஆட்டத்துக்கு வந்த விருந்தாளி யு.சி.எல்.ஏ. அணி. அதன் பயிற்சியாளர் ஜான் வூடன், பர்டூவிலேயே படித்து ஆடியவர். அவரோடு வந்த 7 அடி இளைஞர் லூ அல்சிண்டர். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் கொண்டாடியது அவரைத்தான். அன்றைக்கு யு.சி.எல்.ஏ. இரண்டே புள்ளிகளில் வென்றது.

அத்தனை பெரிய அல்சிண்டரும் கல்லூரியின் முதல் வருடத்தில் பிரதான அணியில் ஆடியதில்லை. முதல் வருட மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அப்போதைய விதி. அந்த விதி 1972-ல் போனது. அதன் பிறகு ஒரு பையனுக்காகக் காத்திருப்பதும் காத்திருக்காததும் பயிற்சியாளரின் மனசைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

உயரம் முந்தும், உடம்பு பிந்தும்

உயரமானவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் தேவைப்படுகிறது?

பதினான்கு, பதினைந்து வயதில் எலும்பு மடமடவென்று நீள்கிறது. அந்த வேகத்துக்குத் தசைகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. நேற்று வரை சரியாக இருந்த கால் வீச்சு இன்றைக்கு மாறிவிடுகிறது. உடம்பின் சமநிலையை மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த எடை முழுவதையும் பாதமும் முழங்காலும்தான் தாங்க வேண்டும். பாதக் காயங்களால் ஆட்ட வாழ்க்கை குறுகிப்போன பெரிய வீரர்கள் பலர். அமெரிக்காவின் பில் வால்டனும் சீனாவின் யாவ் மிங்கும் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

சென்டர் இடத்தில் ஆடுபவருக்குப் பாடமும் அதிகம். கூடைக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து மறிக்கும்போது யார் தனியாக நிற்கிறார் என்று ஒரு நொடியில் பார்த்துப் பந்தைத் தள்ள வேண்டும். தடுக்கும்போது கை கொஞ்சம் இறங்கினாலும் ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். குள்ளமான பையன் தெருவோரத்தில் ஏழு வயதிலிருந்தே பந்தைத் தட்டிப் பழகியிருப்பான். உயரமான பையனோ, 'நீ இவ்வளவு வளர்ந்துட்டியே, கூடைப்பந்து ஆடலாமே' என்று யாரோ சொன்ன பிறகுதான் பல சமயம் தொடங்குகிறான்.

'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பர்டூவில் நடப்பது கிட்டத்தட்டப் பனை விவசாயம்.

டொராண்டோவிலிருந்து வந்த பையன்

பர்டூவின் தலைமைப் பயிற்சியாளர் மாட் பெயின்டர், இந்தியானா மண்ணில் பிறந்து பர்டூவிலேயே ஆடியவர். 2005 முதல் பொறுப்பில் இருக்கிறார். 7 அடி ஏ.ஜே. ஹாமன்ஸ், 7 அடி 2 அங்குல ஐசக் ஹாஸ், 7 அடி 3 அங்குல மாட் ஹார்ம்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராக உயரமானவர்கள் அவரிடம் வளர்ந்தார்கள். அந்த வரிசையில் 2020-ல் வந்தவர்தான் ஸாக் ஈடி. உயரம் 7 அடி 4 அங்குலம்.

கனடாவின் டொராண்டோவில் வளர்ந்த ஈடி, சிறு வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். கூடைப்பந்தை முறையாகத் தொட்டதே பள்ளியின் கடைசி வருடங்களில்தான். பிறகு ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமியில் பயிற்சி. கல்லூரிக்குப் போகும் பள்ளி வீரர்களின் தரவரிசையில் அவர் பெயர் நானூறு பேருக்கும் பின்னால் இருந்தது. பெரிய கல்லூரிகள் வரிசையில் வந்து நிற்கவில்லை.

பர்டூ அவரை எப்படி வளர்த்தது என்பதைக் கணக்கே சொல்கிறது. கல்லூரி ஆட்டம் மொத்தம் 40 நிமிடம். அதில் ஈடி ஆடிய சராசரி:

முதல் வருடம்: சுமார் 15 நிமிடம், 8.7 புள்ளிகள்.
இரண்டாம் வருடம்: 19 நிமிடம், 14.4 புள்ளிகள்.
மூன்றாம் வருடம்: சுமார் 32 நிமிடம், 22.3 புள்ளிகள்.
நான்காம் வருடம்: 32 நிமிடம், 25.2 புள்ளிகள்.

இரண்டாம் வருடத்தில், மூத்த வீரர் டிரெவியன் வில்லியம்ஸோடு நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே. 'நான் நன்றாக ஆடும்போது ஏன் உட்கார வைக்கிறார்கள்' என்று ஒரு பையன் கோபித்துக்கொள்ளக்கூடிய வருடம் அது. ஈடி அங்கேயே இருந்தார்.

ஊருக்கும் வந்தது சோதனை

காத்திருப்பது பையனுக்கு மட்டும் கஷ்டம் இல்லை. ஊருக்கும் கஷ்டம்தான்.

மார்ச் மாதம் நடக்கும் தேசியப் போட்டியில் 2021-ல் 13-வது தரநிலை அணியிடம் பர்டூ தோற்றது. 2022-ல் 15-வது தரநிலை அணியிடம். 2023-ல் நடந்ததோ பெரிய அவமானம். முதல் தரநிலையில் இருந்த பர்டூ, 16-வது தரநிலையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் 63-58 என்று வீழ்ந்தது. ஆண்கள் போட்டியின் வரலாற்றில் இப்படி நடந்தது அது இரண்டாவது முறைதான். அந்த சீசனில் முதல் பிரிவு அணிகளிலேயே மிகக் குள்ளமான அணி ஃபேர்லி டிக்கின்சன். நாட்டின் சிறந்த வீரர் விருதுகளை அள்ளிய 7 அடி 4 அங்குல வீரர், குள்ளர்களின் அணியிடம் தோற்றார் என்று நாடே சிரித்தது.

உயரமானவர்களை நம்பி ஆடும் காலம் போய்விட்டது, தூரத்திலிருந்து பந்து போடுபவர்கள்தான் இனி வேண்டும் என்று விமர்சனங்கள் குவிந்தன. ஈடி என்.பி.ஏ. தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தார். கடைசி நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, நான்காம் வருடம் ஆட மேக்கி அரங்குக்கே திரும்பினார். பர்டூவும் தன் பாணியை மாற்றவில்லை.

2024 மார்ச் 31 அன்று டெட்ராய்ட்டில் டென்னஸி அணிக்கு எதிராக ஈடி எடுத்தது 40 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள். 1980-க்குப் பிறகு முதல் முறையாக, 44 வருடங்கள் கழித்து, பர்டூ கடைசி நான்கு அணிகளுக்குள் நுழைந்தது. சிறந்த வீரர் விருதும் தொடர்ந்து இரண்டாவது முறையாக அவருக்கே. 1980-களில் ரால்ஃப் சாம்ப்ஸனுக்குப் பிறகு யாருக்கும் கிடைக்காத பெருமை அது.

கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஈடி 37 புள்ளிகள் எடுத்தும், கனெக்டிகட் அணி 75-60 என்று வென்றது. அந்த அணியின் 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கனும் முதல் வருடத்தில் மூத்த வீரருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். அந்த வருட என்.பி.ஏ. தேர்வில் கிளிங்கன் ஏழாவது, ஈடி ஒன்பதாவது.

இந்தியர்களுக்கு இங்கே இன்னொரு பெயர் நினைவுக்கு வரலாம். பஞ்சாப் கிராமத்தின் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். ஈடி பிற்பாடு போன அதே ஐ.எம்.ஜி. அகாடமிக்கு, 14 வயதில், 2010-லேயே போனவர். 2015-ல் டல்லஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தபோது, என்.பி.ஏ. தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர் என்று நாடே மகிழ்ந்தது. ஆனால், நடுவில் கல்லூரி என்ற நான்கு வருடப் படிக்கட்டு அவருக்கு அமையவில்லை. ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட களமிறங்காமல், பிற்பாடு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். கல்லூரியில் ஆடியிருந்தால் கதை மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு இல்லாமலே போனது என்பது மட்டும் உண்மை.

பெஞ்சின் ஓரத்தில்

இப்போது காலம் மாறிவிட்டது. 2021-லிருந்து, ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டிய கட்டாயமில்லாமல் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறலாம். அதே வருடம் விளம்பரங்கள் மூலம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. மாணவர் விசாவில் இருந்ததால், அமெரிக்க மண்ணில் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க ஈடிக்கு வழி இருக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கு இந்த விசா சங்கடம் நன்றாகவே புரியும்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இன்று வேறு இடத்திலிருந்து அழைப்பும் பணமும் வருகின்றன. அதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது. ஆடும் வயது கொஞ்ச காலம்தானே! பர்டூவிலும் எல்லாப் பனையும் காய்க்கவில்லை. ஸ்வீடனிலிருந்து வந்த 7 அடி 2 அங்குல வில் பெர்க், முதல் வருடம் முழுக்க ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்தார். இதற்கு அங்கே 'ரெட்ஷர்ட்' என்று பெயர். சில வருடங்களுக்குப் பிறகு அவர் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார்.

2024-ல் 7 அடி 4 அங்குல டேனியல் ஜேக்கப்ஸன் பர்டூவுக்கு வந்தார். ஈடிக்கு அடுத்தவர் இவர்தான் என்று ஊரே எதிர்பார்த்தது. சீசனின் இரண்டாவது ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவருடைய கால் எலும்பு முறிந்தது. அந்த வருடம் அதோடு முடிந்தது. ஊர் மறுபடியும் காத்திருந்தது. அடுத்த சீசனில் அவர் திரும்ப வந்தார்.

நவம்பர் முதல் மார்ச் வரை கூடைப்பந்துக் காலம். அந்தப் பக்கம் போகிறவர்கள் தடிமனான கோட்டு ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளலாம். மேக்கி அரங்குக்குக் கொஞ்சம் முன்னதாகவே போவது நல்லது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் வீரர்கள் உடம்பைச் சூடேற்றும் நேரத்தில், கூட்டத்தின் கண்கள் நட்சத்திரங்கள் மேலேயே இருக்கும். அவர்களைக் கொஞ்சம் விட்டுவிட்டு, கூடைக்குக் கீழே நிற்கும் உயரமான பையனைப் பார்க்கலாம். வலது கை, இடது கை, மறுபடி வலது கை. பந்து கீழே விழுவதற்குள் பிடித்து மறுபடி போடுவான். அன்றைய ஆட்டத்தில் அவன் நான்கு நிமிடம்தான் ஆடப்போகிறான். அது அவனுக்கும் தெரியும்.