இது டிபி1-ஆ, டிபி2-ஆ?

2017 ஜனவரி 31, செவ்வாய், மாலை 5.20

உலகெங்கும் நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் தளம் கிட்லேப். அதன் டேட்டாபேஸ், டிபி1 என்ற போஸ்ட்கிரஸ் சர்வரில் ஓடுகிறது. அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் டிபி2 விடாமல் நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜினீயர் ஒருவர் டிபி1-ஐ ஸ்னாப்ஷாட் எடுத்து, சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றுகிறார். பேக்கப் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சுமையைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபூலைச் சோதிக்கப் புது டேட்டா வேண்டும், அவ்வளவுதான். தானாக எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட் நாளுக்கு ஒன்றுதான். (நேரமெல்லாம் யூடிசி கணக்கு.)

இரவு 7.00

டேட்டாபேஸ் திணறுகிறது. ஸ்பேம் ஆசாமிகளின் கைவரிசை என்று சந்தேகம். போதாக்குறைக்கு, விஷமி ஒருவர் கொடுத்த புகாரால், நிறுவன ஊழியர் ஒருவரின் கணக்கையே அழிக்கும் வேலை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது.

இரவு 11.00

டிபி2 பின்தங்கிவிட்டது. போஸ்ட்கிரஸ் எந்த மாற்றத்தையும் முதலில் 'வால்' என்ற பதிவேட்டில் எழுதும். துணை சர்வர் அதைப் பின்தொடர்ந்து படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சுமை ஏறியதில், டிபி2 படித்து முடிப்பதற்குள் டிபி1 பழைய பதிவுகளைக் கழித்துக்கட்டிவிட்டது. பெயருக்கேற்ப வாலைத் தவறவிட்டாகிவிட்டது. இனி முழு டேட்டாவையும் முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும்.

அதற்கான கருவி பிஜி_பேஸ்பேக்கப். முதலில், பதிவுகளை டிபி2-க்கு அனுப்பும் அனுப்புநர்களின் எண்ணிக்கை போதவில்லை என்றது; 32 ஆக உயர்த்தினார்கள். அடுத்து போஸ்ட்கிரஸே எழ மறுத்தது. ஏறக்குறைய ஓராண்டாகச் சிக்கலின்றி இருந்த 8,000 இணைப்பு என்ற அமைப்பை 2,000 ஆகக் குறைத்த பிறகுதான் எழுந்தது. இப்போது பேஸ்பேக்கப் ஓடுகிறது, ஆனால் வாயே திறக்கவில்லை. பிரதான சர்வர் அனுப்பத் தொடங்கும்வரை அது அப்படித்தான் மௌனமாகக் காத்திருக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

வேலையை முடித்துக் கிளம்ப இருந்த அதே இன்ஜினீயர், இந்த நகலெடுப்புச் சிக்கலால் தங்கிவிட்டார். டிபி2-இன் டேட்டா அடைவு காலியாக இல்லாததுதான் கோளாறோ என்று நினைத்து, அதை அழிக்கும் கட்டளையை அடித்தார்.

ஓரிரு வினாடியில் உறைத்தது. அந்த டெர்மினல் டிபி2 இல்லை, டிபி1.

இரவு 11.27

நிறுத்தியாயிற்று. சுமார் 310 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பிப்ரவரி 1, புதன், நள்ளிரவுக்குப் பின்

பேக்கப்பைத் தேடுகிறார்கள். அமேசான் எஸ்3 கிடங்கு காலி! தினமும் டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் வேலை சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. காரணம் அற்பமானது. டம்ப் ஓடிய சர்வரில் டேட்டா அடைவு கிடையாது; அதனால் எந்தப் பதிப்பு என்று தெரியாமல் மென்பொருள் 9.2-ஐ எடுத்துக்கொண்டது. டேட்டாபேஸோ 9.6. பழைய கருவி புதியதைத் தொட மறுத்துவிடும். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கிளம்பத்தான் செய்தன. டிமார்க் சோதனைக்குத் தேவையான கையொப்பம் இல்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. மின்னஞ்சல் வராததை எல்லாரும் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அஷ்யூரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி வேறு சர்வர்களுக்கு இருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை.

மிச்சமிருந்தது, மாலை 5.20-க்கு வேறு எதற்கோ எடுத்த அந்த ஸ்னாப்ஷாட்.

பகல் முழுவதும்

ஸ்டேஜிங்கின் மலிவான டிஸ்க், நத்தை வேகம். நகலெடுத்து முடிக்கவே பகலின் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குள் நிறுவனம் சம்பவத்தைப் பதிந்துவந்த தன் குறிப்பேட்டை ஊருக்கெல்லாம் திறந்து வைத்து, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. உச்சத்தில் சுமார் 5,000 பேர் பார்த்தார்கள். தப்பு செய்தவரின் பெயர் அறிக்கையில் இல்லை, 'குழு உறுப்பினர் 1' என்று மட்டும் போட்டிருந்தார்கள். இந்தக் கண்ணியம் எல்லா அலுவலகங்களிலும் கிடைக்காது.

மாலை 6 மணிக்குப் பிறகு

தளம் திரும்பியது. கிட் ரெபாசிட்டரிகளுக்குச் சேதமில்லை. 5.20-க்குப் பிறகு பதிவானவை மட்டும் போயின. அவர்கள் கணக்குப்படி சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதுக் கணக்குகள். அழிந்த பதிவின் எண் வேறொருவருக்குப் போய்விடக் கூடாதென்று, எல்லா அட்டவணைகளின் வரிசை எண்ணையும் 1,00,000 தள்ளி வைத்தார்கள்.

குறிப்பேட்டின் 'செய்ய வேண்டியவை' பகுதியில் சின்னதாக ஒரு வரி: டெர்மினலின் நிறம் மாற வேண்டும். நேரடி சர்வர் என்றால் சிவப்பு, ஸ்டேஜிங் என்றால் மஞ்சள்.